தள்ளாட்டம் வம்சத்தில் வருமா? முதுமையில் சமநிலையும் மரபணுக்களும்

போன வருடம் என் பெரியம்மா பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வயது 76. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பார்க்க வந்தவர்கள் ஆப்பிள் பையோடு ஆளுக்கொரு தீர்ப்பையும் கொண்டுவந்தார்கள். "இவங்க அம்மாவும் இப்படித்தானே விழுந்தாங்க, வம்சத்துலயே இருக்கு" என்றார் எதிர்வீட்டுப் பாட்டி. "வம்சமாவது ஒண்ணாவது, வயசானா எல்லாரும் விழத்தான் செய்வாங்க" என்றார் சித்தப்பா. கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மூணுல ஒரு பங்கு ஜீன்தான் காரணமாம்" என்றான்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆளை அதிகம் ஏமாற்றுவது மூன்றாவதுதான். அவன் சொன்ன எண் ஆராய்ச்சியில் வந்த எண்தான். அதற்கு அவன் எடுத்துக்கொண்ட பொருள்தான் தவறு. அந்த எண் எங்கிருந்து வருகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்க்கலாம். அதற்கு முன்னால் சமநிலை என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

## நிற்பதும் ஒரு வேலைதான்

சின்ன வயதில் துடைப்பக்கட்டையை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். கட்டை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கை ஓட வேண்டும். கையை ஆட்டாமல் அதை நிறுத்த யாராலும் முடியாது. நாம் நிற்பதும் கிட்டத்தட்ட இதே விளையாட்டுதான். சும்மா நிற்கிறோம் என்று நினைக்கும்போதுகூட உடம்பு முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கெண்டைக்கால் தசை இறுகியும் தளர்ந்தும் அதை இழுத்துப் பிடிக்கிறது. உடம்பின் எடை பாதங்களைத் தாண்டிப் போய்விடாமல் இப்படி விடாமல் திருத்திக்கொண்டே இருக்கும் வேலைக்குத்தான் சமநிலை என்று பெயர்.

திருத்த வேண்டுமானால், எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்ல மூன்று பேர் இருக்கிறார்கள்.

ஒன்று, உட்செவி. காது கேட்பதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். ஆனால் அதன் உள்ளே மூன்று திசைகளில் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. அவற்றில் உள்ள திரவம் தலை திரும்புவதைக் கண்டுபிடிக்கிறது. பக்கத்திலேயே கால்சியம் கார்பனேட்டால் ஆன பொடிக் கற்கள் ஒரு கூழின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டில் நின்றாலும் அது இறங்கத் தொடங்கியது தெரிகிறதே, அந்தக் கற்கள் சொன்ன சேதிதான்.

இரண்டு, கண். சுவரும் கதவு நிலையும் நேராக நிற்பதைப் பார்த்தே உடம்பு தன் கோணத்தைக் கணக்குப் போடுகிறது.

மூன்றாவதைப் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். பார்க்காமலே கை எங்கே இருக்கிறது, மூக்கு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? தசைகளுக்குள்ளும் மூட்டுகளிலும் இருக்கும் நுண்ணிய உணரிகள் ஒவ்வோர் உறுப்பும் இருக்கும் இடத்தை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இதை மூட்டு-தசை உணர்வு என்று வைத்துக்கொள்வோம்.

மூவர் சொல்வதையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் வேலையில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. முடிவை நிறைவேற்றுவது கால் தசை. ஒருவர் சொல்வது மங்கினால் மற்ற இருவரை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். அதனால்தான் ஒரு குறை பல வருடம் வெளியே தெரியாமலே இருந்துவிடுகிறது. காலையில் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் சில பெரியவர்கள் தள்ளாடி வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வார்கள். நீண்ட நாள் ஷுகரால் பாத நரம்பு மரத்துப்போயிருக்கும். கண்தான் இதுவரை ஈடுகட்டிக்கொண்டிருந்தது, கண்ணை மூடியதும் குட்டு வெளிப்பட்டது. ஜெர்மானிய மருத்துவர் ரோம்பெர்க் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதினார். கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லும் பரிசோதனை இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது. (வீட்டில் முயல்வதானால் பக்கத்தில் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.)

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சமநிலை என்பது ஓர் உறுப்பின் வேலை அல்ல. மூன்று தகவல், ஒரு முடிவு, அதைச் செய்யும் தசை என ஐந்தும் சேர்ந்த கூட்டு வேலை.

## அப்படியானால் 'சமநிலை ஜீன்' எது?

அப்படி ஒன்று இல்லை. மரபணு என்பது உடம்பில் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று எழுதி வைத்திருக்கும் குறிப்பு. சமையல் குறிப்பு மாதிரி. ஆனால் 'கல்யாண விருந்து' என்று ஒற்றைக் குறிப்பு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவியலுக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, பாயசத்துக்கு ஒன்று என்றுதான் இருக்கும். சமநிலை விருந்து, மரபணுக்களில் எழுதியிருப்பது ரசமும் பாயசமும்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பீசோ2 என்ற மரபணு. அழுத்தினாலோ இழுத்தாலோ திறந்துகொள்ளும் ஒரு நுண்ணிய வாசலை நரம்பு முனையில் செய்வதற்கான குறிப்பு அது. அமெரிக்காவில் ஆர்டெம் படபூட்டியன் குழு 2010-இல் இந்தக் குடும்பத்து வாசல்களைக் கண்டுபிடித்தது. அவருக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2016-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆராய்ச்சியாளர்கள், பிறவியிலேயே பீசோ2 வேலை செய்யாத இரண்டு பேரைப் பற்றி எழுதினார்கள். ஒரு சிறுமி, ஓர் இளம்பெண். கண் திறந்திருக்கும்போது இருவராலும் நடக்க முடிந்தது. கண்ணைக் கட்டியதும் தள்ளாடிச் சரிந்தார்கள்; பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. ஒரே ஒரு குறிப்பு பிழையானதால் மூன்று தகவலாளிகளில் ஒருவர் வாயே திறக்கவில்லை. அத்தனை வருடம் கண் ஒன்றை நம்பியே நடந்து பழகியிருந்தார்கள்.

இது மிக அரிய நோய். பொதுவாக நம்மிடையே இருக்கும் வேறுபாடுகள் இவ்வளவு முரட்டுத்தனமானவை அல்ல. ஏ.சி.டி.என்.3 என்ற மரபணுவைப் பாருங்கள். சட்டென்று வேகமாகச் சுருங்கும் தசை நார்களில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்துக்கான குறிப்பு அது. உலகில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு அந்தப் புரதம் அறவே கிடையாது. அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. மாடி ஏறுகிறார்கள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். இதை 'ஓட்டப்பந்தய ஜீன்' என்று சொல்லிப் பரிசோதனை விற்பவர்கள் உண்டு, அது தனிக்கதை. நமக்கு இங்கே வேண்டியது வேறு. கால் இடறிய நொடியில் அடுத்த காலைத் தூக்கி முன்னால் வைப்பது வேகத் தசையின் வேலை. வயதாகும்போது முதலில் தேய்வதும் அந்த நார்கள்தான். வயதான பெண்களிடம் நடந்த ஆய்வுகளில் இந்தப் புரதம் இல்லாதவர்கள் விழும் வாய்ப்பு ஓரளவு கூடுதலாகத் தெரிந்தது. 'ஓரளவு' என்பதை அழுத்திப் படியுங்கள்.

இப்படி உட்செவிக்கு, கண்ணுக்கு, நரம்பின் உறைக்கு, தசைக்கு, எலும்புக்கு என்று நூற்றுக்கணக்கான குறிப்புகள். ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஆள் ஓர் எழுத்து இப்படி, ஓர் எழுத்து அப்படி. ஒவ்வொன்றின் பாதிப்பும் கடுகளவு.

## இரட்டையரை வைத்துப் போடும் கணக்கு

சரி, கடுகுகளை எல்லாம் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு? ஒவ்வொரு மரபணுவையும் தேடாமலே இதை மதிப்பிட ஒரு பழைய வழி இருக்கிறது.

அம்மாவும் மகளும் ஒரே மாதிரி தள்ளாடினால் உடனே ரத்தத்தைக் குற்றம் சொல்கிறோம். ஆனால் அவர்கள் பகிர்ந்துகொண்டது ரத்தம் மட்டுமா? அதே வீடு, அதே சாப்பாடு, அதே படிக்கட்டு, உடற்பயிற்சி என்றால் சிரிக்கும் அதே ஊர். எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. இங்கேதான் இரட்டையர்கள் உதவிக்கு வருகிறார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் ஒருகரு இரட்டையர். மரபணுக்கள் கிட்டத்தட்ட முழுக்க ஒன்று. இரண்டு கருக்கள் ஒன்றாக வளர்ந்து பிறந்தவர்கள் இருகரு இரட்டையர்; சாதாரண அக்கா தங்கை மாதிரி, மனிதருக்கு மனிதர் மாறும் மரபணுக்களில் சராசரியாகப் பாதிதான் ஒத்துப்போகும். இரண்டு வகையும் ஒரே வயிற்றில் இருந்து, ஒரே வீட்டில் வளர்ந்தவை. ஆகவே ஒருகரு ஜோடிகள் இருகரு ஜோடிகளைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்தால், அந்தக் கூடுதல் மரபணுவின் வேலை.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒருகரு ஜோடிகளின் ஒற்றுமை 100-க்கு 60, இருகரு ஜோடிகளின் ஒற்றுமை 100-க்கு 40 என்று வைப்போம். வித்தியாசம் 20. இது மரபணுவில் பாதி கூடுதலாக ஒத்துப்போனதால் வந்தது. முழுமைக்கு இரட்டிப்பாக்கினால் 40. இந்த 40 சதவீதத்துக்கு மரபுவழிப் பங்கு என்று பெயர்.

பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 63 முதல் 76 வயது வரையிலான இரட்டைச் சகோதரிகள் சுமார் 200 ஜோடிகளை அழைத்து, அழுத்தத்தை அளக்கும் தட்டின்மேல் நிற்கவைத்து, உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று பதிவு செய்தார்கள். கணக்குப் போட்டபோது வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரபணுவால் என்று வந்தது. அக்கா மகன் செல்போனில் படித்தது இந்த மாதிரி ஆய்வு ஒன்றைத்தான்.

## அந்த 'மூன்றில் ஒரு பங்கு' எதைச் சொல்லவில்லை

என் சமநிலையில் மூன்றில் ஒரு பங்கு அம்மா அப்பா கொடுத்தது, மீதி நானாகச் சம்பாதித்தது என்று அதற்குப் பொருள் இல்லை. மரபுவழிப் பங்கு தனி மனிதரைப் பற்றிப் பேசவே பேசாது. ஒரு கூட்டத்து மனிதர்களிடையே தெரியும் வேறுபாட்டில், எவ்வளவு அவர்களின் மரபணு வேறுபாட்டால் என்று மட்டும்தான் சொல்லும்.

நம்புவதற்குக் கொஞ்சம் கஷ்டமான ஓர் உதாரணம். மனிதனுக்கு இரண்டு கால் என்பது முழுக்க முழுக்க மரபணுவில் எழுதியிருப்பது. ஆனால் 'கால்களின் எண்ணிக்கை'க்கு மரபுவழிப் பங்கு கணக்கிட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். ஏன்? ஒற்றைக் காலோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் விபத்தாலோ ஷுகர் புண்ணாலோ காலை இழந்தவர்கள். இரண்டு கால் என்பது மரபணுவால். ஆளுக்கு ஆள் வேறுபாடு வந்தது வாழ்க்கையால். கணக்கு கேட்பது இரண்டாவதை மட்டும்.

இன்னொன்று, இந்த எண் கல்வெட்டு அல்ல. ஒரே மூட்டை விதைநெல்லைத் தலைமடை வயலிலும் கடைமடை வயலிலும் தூவினால், தலைமடைக்குள் ஒரு பயிர் உயரமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருப்பது பெரும்பாலும் விதையால். தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே. கடைமடையில் ஒரு மூலையில் தண்ணீர் ஏறும், இன்னொரு மூலையில் வெடிப்பு விட்டிருக்கும். அங்கே உயர வேறுபாடு பெரும்பாலும் தண்ணீரால். விதை மாறவில்லை, விதையின் பங்கு மட்டும் மாறியது.

முதுமை என்பது கடைமடை. இதைப் பளிச்சென்று காட்டிய ஓர் ஆய்வு ஸ்வீடனில் இருந்து 2005-இல் வந்தது. 33,000-க்கும் மேற்பட்ட இரட்டையர்களின் பதிவேட்டை வைத்து, எலும்பு முறிவில் மரபுவழிப் பங்கு எவ்வளவு என்று பார்த்தார்கள். இடுப்பெலும்பு முறிவு 69 வயதுக்கு முன்னால் நடந்திருந்தால் பங்கு 68 சதவீதம். 69-க்கும் 79-க்கும் இடையில் 47 சதவீதம். 79 வயதைத் தாண்டிய பிறகு வெறும் 3 சதவீதம். (இடுப்பெலும்பு முறிவு என்பது விழுதலும் எலும்பின் பலவீனமும் சேர்ந்த விஷயம், சமநிலை மட்டும் அல்ல. ஆனாலும் போக்கு புரிகிறது.)

80 வயதுக்காரரின் மரபணுக்கள் எங்கேயும் ஓடிப்போகவில்லை. அதற்குள் ஒருவருக்குக் கண்புரை, ஒருவருக்கு இரவுத் தூக்கமாத்திரை, ஒருவருக்கு எழுந்து நின்றதும் பிரஷரை இறக்கிவிடும் மாத்திரை, ஒருவர் மகன் வீட்டுப் பளபள டைல்ஸுக்குக் குடிபெயர்ந்தவர், இன்னொருவர் பத்து வருடமாக நாற்காலியை விட்டு எழாதவர். இந்த இரைச்சலில் மரபணுவின் குரல் அமுங்கிப்போகிறது, அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பாட்டி வம்சத்தைச் சொன்னது பெரியம்மாவின் வயதில் பலம் குறைந்துபோன வாதம். 60 வயதில் முறிந்திருந்தால் நானே அவர் பக்கம் பேசியிருப்பேன்.

சுருக்கமாக: மரபுவழிப் பங்கு ஒரு கூட்டத்தைப் பற்றியது, அந்தக் கூட்டம் எந்த வயதில், எப்படி வாழ்கிறது என்பதைப் பொறுத்து மாறும்.

## எச்சில் பரிசோதனை ஏன் உதவாது

இரட்டையரை விட்டுவிட்டு, நேரடியாக மரபணு எழுத்துகளையே தேடினால் என்ன? அதையும் செய்துவிட்டார்கள். பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்ற பெரிய ஆராய்ச்சித் தொகுப்பில் சுமார் 4.5 லட்சம் பேரின் மரபணுத் தகவலை, கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா என்ற கேள்விக்கான பதிலோடு ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்டார்கள். பரவலாகக் காணப்படும் மரபணு வேறுபாடுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும், விழுவதில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் அவை விளக்கியது 3 சதவீதத்துக்கும் குறைவு. இன்னொன்றும் தெரிந்தது. விழுவதோடு தொடர்புடைய வேறுபாடுகள் கைப்பிடி வலு, தூக்கமின்மை போன்றவற்றோடும் தொடர்புடையவையாக இருந்தன. அதாவது மரபணு நேராக வந்து யாரையும் தள்ளிவிடுவதில்லை. தசை வழியாக, தூக்கம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது.

எச்சிலை அனுப்பினால் "உங்கள் சமநிலை மரபணு அறிக்கை" தருகிறோம் என்று யாராவது சொன்னால், இந்த 3 சதவீதத்தை நினைத்துக்கொண்டு காசைப் பத்திரமாக வையுங்கள். ஆரோக்கியமான ஒரு 70 வயதுக்காரர் விழுவாரா என்று அறிய, போன வருடம் விழுந்தாரா என்று கேட்பது இலவசம், அதைவிட உபயோகமும்கூட.

## நிஜமாகவே வம்சத்தில் ஓடும்போது

இத்தனை சொன்ன பிறகு ஒரு விதிவிலக்கு. இதை விட்டால் கட்டுரை தப்பாகிவிடும். சில குடும்பங்களில் ஒரே ஒரு மரபணுப் பிழையே சமநிலையைக் குலைத்துவிடுகிறது.

நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் பல குடும்பங்களில் 'காக்' என்ற உட்செவி மரபணுவில் ஒரே பிழை இருக்கிறது. நடுத்தர வயதில் காது மந்தமாகத் தொடங்கும். கூடவே உட்செவியின் சமநிலைப் பகுதியும் செயலிழக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆர்.எஃப்.சி.1 என்ற மரபணுவில் ஐந்து எழுத்துகள் கீறல் விழுந்த ரெக்கார்டு போலத் திரும்பத் திரும்ப வரும் பிழையை 2019-இல் கண்டுபிடித்தார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பிழையானால், உட்செவி, பாத நரம்பு, சிறுமூளை மூன்றும் ஒருசேரத் தளர்கின்றன. தள்ளாட்டம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பிருந்தே காரணம் தெரியாத வறட்டு இருமல் பலருக்கு இருந்திருக்கும். இருமலுக்கும் தள்ளாட்டத்துக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்?

நம் பக்கத்திலும் உண்டு. சிறுமூளை மெல்லத் தேயும் பரம்பரை நோய்களில் முதலாம் வகை, தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தினரிடையே மிக அதிகமாகக் காணப்படுவதாக 2005-இல் இங்குள்ள நரம்பியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அதுவும் எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பிழைதான். இது முதுமை வரை காத்திருப்பதில்லை. பெரும்பாலும் முப்பது நாற்பது வயதிலேயே நடை அகன்று, பேச்சு குழறத் தொடங்கும்.

ஆகவே குடும்பத்தில் இரண்டு தலைமுறையில் ஐம்பது வயதுக்கு முன்பே தள்ளாட்டம், அதோடு பேச்சுக் குழறல், காது மந்தம், பாதம் மரத்தல் என்று சேர்ந்து வந்தால், அது நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய வம்சக்கதை. யாருக்கு எந்த வயதில் தொடங்கியது என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். பெரியம்மா மாதிரி 76-இல் முதல் தடவை விழுந்தவருக்கு இது பொருந்தாது.

## சித்தப்பா சொன்னது

வயதானால் எல்லாரும் விழத்தான் செய்வார்கள் என்றாரே, உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 65 வயதைத் தாண்டியவர்களில் ஒரு வருடத்தில் விழுபவர்கள் மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான். எல்லாரும் அல்ல. அந்த மூன்றில் ஒன்றையும் குறைக்க முடிகிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் வீட்டிலேயே செய்யும் ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கினார்கள்: கால் தசைக்கு வலு, சமநிலைப் பழக்கம், நடை. அது விழுதல்களை ஏறத்தாழ 35 சதவீதம் குறைத்தது. 2019-இல் நூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வில், பயிற்சி பொதுவாக 23 சதவீதம் குறைப்பதாக வந்தது. பங்கேற்றவர்களில் எல்லா வகை மரபணுக்காரர்களும்தான் இருந்திருப்பார்கள்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவர் இரண்டு வருடமாகத் தினமும் தூக்கமாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். இடது கண்ணில் புரை முற்றியிருந்தது. அவருடைய அம்மா எப்படி விழுந்தார் என்று விசாரித்தேன். விடியற்காலை இருட்டில் குடத்தோடு போய், கிணற்றடிப் பாசியில் வழுக்கினாராம். மகள் வழுக்கியது சோப்புத் தண்ணீர் நின்ற டைல்ஸில்.

மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார், கண் ஆபரேஷன் ஆனது, பாத்ரூம் சுவரில் கைப்பிடி அடித்தோம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி பெரியம்மா இப்போது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறார். வினாடி எண்ணுவதெல்லாம் அவருக்கு ஒத்துவராது. குக்கரில் ஒரு விசிலுக்கு ஒரு கால். அடுத்த விசில் வந்தால் கால் மாறும்.